மல்லிக்குக் கவாத்து

சேலையூரில் இருந்த தன் வீட்டைத் தானே விற்றுவிட்ட செய்தி, ஜீவரத்தினத்துக்குக் கோலார் தங்கவயலில் வைத்துத்தான் தெரியவந்தது. அதுவும் நேராக வரவில்லை. தாம்பரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தவர் தன் மைத்துனியிடம் சொல்லி, அந்த மைத்துனி மாதர் சங்கக் கூட்டத்தில் யூனிஸிடம் சொல்லி, யூனிஸ் கூட்டம் முடியும்வரைகூட உட்கார்ந்திருக்காமல் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வீட்டுக்கு ஓடிவந்தாள்.

"அக்கா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

ஜீவரத்தினம் அப்போது மண்ணெண்ணெய் அடுப்பின் திரியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். "எதை?"

"வீட்டை வித்துட்டியாமே! தோட்டத்தைக்கூட வெட்டிச் சாய்ச்சாச்சாம். அந்தத் தெருவே பேசுதாம்."

"யார் வித்தது?"

"நீதான்! வேற யாரு?" யூனிஸ் சிரிக்கவும் செய்தாள், அழவும் செய்தாள். "எனக்குத் தெரியும்க்கா. நீ எதையும் செஞ்சு முடிச்சிட்டுத்தான் வாயைத் திறப்பே. சின்னதுல இருந்தே பாக்குறேனே. கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டுட்டார்."

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். ஜீவரத்தினம் வாயைக்கூடத் திறந்தாள். ஆனால் தங்கையின் முகத்தில் மூன்று மாதத்தில் முதல் முறையாக ரத்தம் ஓடுவதைப் பார்த்துவிட்டாள். திரியை ஏற்றினாள், இறக்கினாள். "ஊருக்குப் போய் என்ன ஏதுன்னு பார்த்துட்டுச் சொல்றேன்" என்றாள். அது பதில் இல்லை. யூனிஸ் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு, அன்றைக்கே பக்கத்து வீட்டில் இரண்டாவது கட்டில் ஒன்றுக்குச் சொல்லிவைத்தாள்.

யூனிஸின் கணவர் வில்பிரட் சுரங்க ஆபீஸில் ஸ்டோர்ஸ் குமாஸ்தா. எழுபத்து மூன்று நவம்பரில், மார்பு வலி என்று நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பிள்ளைகள் இல்லை. சாவுக்குப் போன ஜீவரத்தினம் அப்படியே தங்கிவிட்டாள். ஈஸ்டருக்குள் கம்பெனி குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். பக்கத்திலேயே இரண்டு அறை வீடு ஒன்று வாடகைக்குக் கிடைத்தது. அக்கா கூட வந்து இருப்பதானால் அதை எடுப்பது என்றும், இல்லாவிட்டால் என்ன செய்வதென்று தெரியவில்லை என்றும் யூனிஸ் சொல்லிக்கொண்டிருந்தாள். இரவில் விளக்கை அணைக்க விடமாட்டாள். குளியலறைக்குப் போனால்கூட, "அக்கா, இருக்கியா?" என்று உள்ளே இருந்து ஒரு குரல் வரும்.

"நீ தாம்பரத்துக்கு வந்துடேன்" என்று ஜீவரத்தினம் பல தடவை கேட்டுவிட்டாள்.

"அவரை இங்கே தனியா விட்டுட்டா?"

சாயங்காலமானால் யூனிஸ் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விடுவாள். சிலுவையின் மேல் படிந்த சுரங்கத் தூசியைத் துடைத்துவிட்டு, அன்றைய சமாசாரம் எல்லாவற்றையும் வில்பிரட்டிடம் ஒப்பித்துவிட்டுத்தான் திரும்புவாள். அதற்கு மேல் அவளிடம் வாதாட ஒன்றும் இல்லை.

யூனிஸைவிட ஜீவரத்தினம் பதினான்கு வயது மூத்தவள். தாயார் சீக்கிரமே போய்விட்டார். தகப்பனார் மதுராந்தகத்துப் பக்கம் உபதேசியார். சைக்கிளில் கிராமம் கிராமமாக அலைகிற மனிதர். தங்கைக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியது, காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்தது, பிறகு கல்யாணம் பேசி வில்பிரட்டுக்குக் கொடுத்தது எல்லாம் ஜீவரத்தினம்தான். அவளைப் பெண் கேட்டும் இருவர் வந்தார்கள். ஒருவர் தங்கை கூட வரக் கூடாது என்றார். மற்றவர் அவள் உடற்பயிற்சி ஆசிரியை என்று தெரிந்ததும் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். அதை அவள் வருத்தமாகச் சொன்னதில்லை. காபி நல்ல காபி, வீணாகிவிட்டது என்றுதான் சொல்வாள்.

தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் அவள் டிரில் டீச்சராக இருந்தாள். தகப்பனாருக்கு டிரில் என்ற சொல் நாக்கில் நிற்காது. "எங்க பெரியவ கவாத்து வாத்தியாரம்மா" என்பார். பள்ளிப் பிள்ளைகளுக்கும் அது எப்படியோ எட்டிவிட்டது. 'கவாத்து' என்பதே அவளுடைய பட்டப் பெயராகப் பல வருடம் நடைபாதைகளில் கிசுகிசுக்கப்பட்டது. கேட்காத மாதிரி அவள் நடந்துபோவாள்.

அறுபத்தொன்றில் கேம்ப் ரோட்டை ஒட்டி, முன்பு நெல் விளைந்த நிலத்தில் மனை போட்டபோது ஒன்று வாங்கினாள். சிறுகச் சிறுகக் கட்டினாள். இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் கிணறு. மீதி இடம் முழுக்கச் செடி. அந்தத் தோட்டத்தைப் பார்த்தவர்கள் ஒருமுறையாவது சிரிக்காமல் போனதில்லை. பள்ளி மைதானத்தில் பிள்ளைகளை நிறுத்துவது போல, குட்டை முன்னால், நெட்டை பின்னால், கை நீட்டினால் இடிக்காத இடைவெளி. முன் வரிசையில் கனகாம்பரம், அடுத்து குண்டுமல்லி, அதற்குப் பின் ரோஜா, நந்தியாவட்டை, செம்பருத்தி. கடைசியில் எலுமிச்சை, கொய்யா, பப்பாளி, முருங்கை. "டீச்சர் விசில் ஊதினா இதுங்க லெஃப்ட் ரைட் போடும்டா" என்று தெருப் பையன்கள் மதில்மேல் உட்கார்ந்து சொல்வார்கள்.

இதில் மல்லி மட்டும் அவள் பேச்சைக் கேட்கவில்லை. பச்சைப் பசேலென்று தழைக்கும். பூ என்று பார்த்தால் ஒரு கைப்பிடி. அதையும் வாழையிலைத் துண்டில் கட்டி ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு எடுத்துப்போவாள். பலிபீடத்து ஜாடியில் அது இருப்பதே தெரியாது. ஒருநாள் ரேடியோவில் விவசாயிகளுக்கான நிகழ்ச்சியில், "மல்லிகைக்குக் கார்த்திகை கடைசியில் கவாத்து செய்ய வேண்டும்" என்றார்கள். கிளையைக் கழித்துவிடுவதற்கு அந்தப் பெயர் உண்டு என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். தனியாக உட்கார்ந்து வெகுநேரம் சிரித்தாள். அதற்கப்புறம் வருடா வருடம் கார்த்திகையில் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொரு புதரிலும் நுனியை மட்டும் நகம் வெட்டுவது போல வெட்டிவிட்டு வருவாள். அதற்கு மேல் வெட்டினால் வரிசை கெட்டுவிடும்.

அந்த வருடம் கார்த்திகையில் அவள் தங்கவயலில் இருந்தாள். வில்பிரட்டின் அண்ணன் மகன் தயாளன் துக்கம் விசாரிக்க வந்திருந்தான். தாம்பரத்தில் ரயில்வே வேலை. அவன் கிளம்பும்போது வாசலில் வைத்து, "எதிர்வீட்டு முனியம்மாகிட்ட நம்ம மல்லிக்குக் கவாத்து பண்ணச் சொல்லிடுப்பா" என்றாள். தயாளன் ஒரு நிமிடம் முழித்தான். பிறகு, "சரி பெரியம்மா" என்று சிரித்துக்கொண்டே போனான். எதற்குச் சிரிக்கிறான் என்று அவள் கேட்கவில்லை.

மார்ச் முதல் வாரத்தில் ஜீவரத்தினம் ஊர் திரும்பினாள். மாரிகுப்பம் ஸ்டேஷனில் யூனிஸ் ரயில் ஏற்றிவிட்டாள். "அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் டிரங்க் கால் போடுறேன்க்கா. உங்க தெருவுல போன் வச்சிருக்கிறாரே தேவானந்தம், அவர் நம்பருக்கு. எப்ப வரேன்னு மட்டும் சொல்லு, போதும்" என்றாள். வரியா இல்லையா என்பது அவள் கேள்வியிலேயே இல்லை.

சென்ட்ரலில் இறங்கி, பார்க் ஸ்டேஷனில் மின்சார ரயில் பிடித்து, தாம்பரத்திலிருந்து ரிக்‌ஷாவில் வரும்போது அவள் மனத்தைத் தயார்செய்துகொண்டாள். வெட்டிச் சாய்த்தாகிவிட்டது என்றால் வெட்டிச் சாய்த்திருப்பார்கள். வெறும் தரை கிடக்கும். வெறும் தரைக்காக யாரும் ஓர் ஊரில் இருக்க வேண்டியதில்லை. யோசித்துப் பார்த்தால் அது ஒரு விதத்தில் வசதிதான். ரிக்‌ஷாக்காரர் எதிர்க் காற்றில் எழுந்து நின்று மிதித்தார். அவள் பெட்டியை மடியில் பிடித்துக்கொண்டு, பூட்டைத் திறந்து, சாமானைக் கட்டி, சாவியைக் கொடுத்துவிட்டு வருகிற வரைக்கும் எல்லாவற்றையும் மனத்துக்குள் நடத்திப் பார்த்தாள். அழுகை எதுவும் வரவில்லை.

இரும்பு கேட்டைத் திறந்தாள்.

முருங்கை ஒன்றைத் தவிர, முட்டி உயரத்துக்கு மேல் அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. மதிலோரத்துக் கொய்யாவிலிருந்து முன் வரிசை வரை எல்லாம் ஒரே மட்டத்தில் அறுக்கப்பட்டிருந்தன. ஆனால் அந்த மட்டத்துக்குக் கீழே அத்தனையும் அரும்பிக்கொண்டிருந்தது. ரோஜாக் குச்சிகளில் செக்கச்செவேலென்று கொழுந்து, கொழுந்தின் நுனியில் பட்டாணி அளவு மொட்டு. நந்தியாவட்டையில் முறுக்கிய வெள்ளை மொட்டுகள். கொய்யாவின் அடிமரத்தைச் சுற்றி விரல் விரலாகத் தளிர். மல்லியைப் பார்த்தபோது அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டாள். இலையைவிட அரும்பு அதிகமாக இருந்தது. ஒவ்வொரு கணுவிலும் மூன்று நான்கு, உளுந்து போல, அரிசி போல, சில உருண்டு திரண்டு இன்றைக்கோ நாளைக்கோ வெடிக்கிற பதத்தில். ஒரு கிளை இடப்பக்கம் போயிருந்தது, ஒன்று பாதைக்கே வந்திருந்தது. வரிசை என்று எதுவும் மிச்சம் இல்லை.

"இன்னா டீச்சரம்மா, வந்துட்டியா!" எதிர்வீட்டிலிருந்து முனியம்மா தலையை முடிந்துகொண்டே ஓடிவந்தாள். பரம்பரையாக இந்த ஊர்க்காரி. நெல்லும் கீரையும் போட்ட குடும்பம். நிலம் மனையான பிறகு இரண்டு ஆடு மிச்சம். "வூட்டை வித்துட்டேன்னு சொல்லிகினாங்களே. மெய்யாவா? எங்கையில ஒரு வார்த்தை சொல்லல பாரு நீ."

"இதையெல்லாம் யார் வெட்டினது?"

"இன்னாது, யாரா? நாந்தான். நீதானே வெட்டச் சொன்னே?"

"நானா?"

"அந்த ரயில்வே தம்பி வந்து சொல்லிச்சு. எல்லாத்தையும் வெட்டணுமாம்னுச்சு. எதுவரிக்கும்னு கேட்டேன். குனிஞ்சு முட்டியைத் தொட்டுக் காட்டிச்சு. நானும் என் மருமவனும் ரெண்டு நாளு குனிஞ்சிகினே கெடந்தோம்."

"பப்பாளியையுமா?"

"பப்பாளி மட்டும் இன்னா உனுக்கு மாமியாரா? எல்லாத்தையும்னுச்சு, வெட்டிட்டேன்."

பப்பாளி அழுகிப்போய்விட்டிருந்தது. எலுமிச்சையில் பாதி பட்டுப்போயிருந்தது. முருங்கை மட்டும் ஒன்றும் நடக்காதது போல மறுபடி ஆள் உயரம் வளர்ந்திருந்தது.

"எங்கூட்டு ஆடுங்களுக்கு மார்கழிலயே பொங்கலு" என்றாள் முனியம்மா. பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "வெட்டும்போது எனுக்கே பேஜாராத்தான் இருந்துச்சு. டீச்சரம்மா பெத்த புள்ள மாதிரி வளத்துச்சே, வெட்டச் சொல்லுதேன்னு. அப்பறம் மனை வாங்கி விக்கற தசரதன்தான் வந்து பாத்துட்டு, 'கெழவி வித்துட்டா, அதான் தொடச்சிக் குடுக்குறா'ன்னு சொல்லிச்சு. சரிதான்னு நெனச்சேன்."

"தண்ணி ஊத்தினியா?"

"நெனப்பு வந்தா ஊத்துவேன்" என்றாள் முனியம்மா, எந்தக் கூச்சமும் இல்லாமல்.

மறுநாள் தயாளனை வரவழைத்தாள். வந்தவன் தோட்டத்தைப் பார்த்து, "சூப்பரா வந்திருக்கே பெரியம்மா!" என்றான்.

"உன்கிட்ட நான் என்ன சொன்னேன்?"

"கவாத்து பண்ணச் சொன்னீங்க. எனக்குக் கவாத்துன்னா ஏர்ஃபோர்ஸ் கிரவுண்டுல காலைல பண்றாங்களே, அதுதான் தெரியும். செடிக்கும் நீங்க டிரில் வச்சிட்டீங்கன்னு ரயில்ல வர்ற வழியெல்லாம் நினைச்சு நினைச்சு சிரிச்சேன். அப்புறம் ஆபீஸ்ல ஒருத்தர்கிட்டக் கேட்டேன். அவருதான், செடிக்குக் கவாத்துன்னா வெட்டுறதுன்னார். எவ்வளவு வெட்டணும்னு கேட்டேன். முட்டி உயரம்னார்."

"அவருக்கு மல்லியைப் பத்தி என்ன தெரியும்?"

"மல்லின்னு நான் சொல்லலையே பெரியம்மா. செடின்னுதான் கேட்டேன். அவருக்கு ஊர் வால்பாறை. தேயிலைக்குச் சொல்லியிருக்கார் போலிருக்கு."

ஜீவரத்தினம் அவனை ஒரு முழு நிமிடம் பார்த்தாள். பள்ளியில் அந்தப் பார்வைக்குப் பெரிய பெண்களே அழுதிருக்கிறார்கள். தயாளன் கொழுந்து ரோஜாவை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான், இன்னும் பூக்காத ரோஜாவை. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே போய் அவனுக்குக் காபி போட்டாள்.

அந்த வாரம் முழுவதும் மல்லி பூத்தது. விடிகாலையில் ஒரு கூடை, மறுநாள் அதைவிடப் பெரிய கூடை. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து நடந்துகொண்டிருந்ததால் கோயிலில் பலிபீடத்துக்குப் பூ வைக்க மாட்டார்கள். இத்தனை வருடம் கைப்பிடிப் பூவை எடுத்துப்போனவளுக்கு, கூடை கூடையாகப் பூக்கும்போது கொண்டுபோக இடம் இல்லை. முனியம்மா தெருவெல்லாம் கொடுத்தாள். கேம்ப் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிற பெண்கள், கீரை விற்கிறவள், யாரோ பெயர் தெரியாத நர்ஸ் ஒருத்தி எல்லார் தலையிலும் அந்த வாரம் ஜீவரத்தினத்தின் மல்லிதான். "வித்துட்டுப் போறாங்களாம், அதான் எல்லாருக்கும் குடுக்குறாங்க" என்று அதற்கும் ஒரு விளக்கம் உண்டாயிற்று.

இதை அவள் மறுத்திருக்கலாம். மளிகைக் கடையில் கேட்டார்கள், பால்காரர் கேட்டார், கோயிலில் ஐயரம்மா, அதாவது போதகரின் மனைவி, கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னாள். விற்ற செய்தி இங்கிருந்து தங்கவயலுக்குப் போகும் என்றால், விற்கவில்லை என்ற செய்தியும் போகும். அது மாதர் சங்கக் கூட்டத்தில் யாரோ ஒருத்தி வாயிலிருந்து யூனிஸ் காதில் விழக் கூடாது என்று அவள் நினைத்தாள். அப்படியானால் எப்படித்தான் விழ வேண்டும் என்பதை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள்.

சொல்லப்போனால், இருப்பதா போவதா என்பதே இன்னும் அவளுக்குத் தெளிவாகவில்லை. நியாயம் எல்லாம் யூனிஸ் பக்கம் இருந்தது. ரிட்டயர் ஆகி இரண்டு வருடம். இங்கே அவளுக்காகக் காத்திருக்கிறவர் யாரும் இல்லை. செடிகள்கூட அவள் இல்லாத மூன்று மாதத்தில், வேண்டாத கையால் வெட்டுப்பட்டு, நினைத்தபோது விட்ட தண்ணீரில், அவள் பன்னிரண்டு வருடம் பார்த்துப் பார்த்துச் செய்தும் பூக்காத பூவைப் பூத்துவிட்டன. இதைவிடத் தெளிவாக ஒருவரைப் போய்வா என்று சொல்ல முடியாது. அங்கே ஒருத்தி விளக்கை அணைக்காமல் படுத்திருக்கிறாள். அவளுக்கு ஜீவரத்தினம் அக்கா மட்டுமல்ல, அம்மாவும் அவள்தான். இதையெல்லாம் அவள் ஒவ்வொரு நாளும் ஒழுங்காக யோசித்தாள். யோசித்து முடித்ததும், போய்க் கிணற்றில் வாளியை இறக்கினாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தசரதன் வந்தார். இந்த மனைகள் எல்லாம் அவருடைய தகப்பனார் விற்றவை. இப்போது அவர் விற்கிறார், வாங்குகிறார். வெள்ளை வேட்டி, கையில் ரிஸ்ட் வாட்ச், வீட்டில் இன்னும் நாலு மாடு.

"இன்னா டீச்சர் நீங்க. எங்கப்பா கையால குடுத்த எடம். வேற எவனுக்கோ குடுத்துட்டீங்கன்னு நான் டீக்கடையில கேள்விப்பட வேண்டியதாப் போச்சு."

"டீக்கடையில சொன்னதே நீங்கதான்னு கேள்விப்பட்டேன்."

தசரதன் பெரிதாகச் சிரித்தார். "வெட்டிப் போட்டிருந்தா மனுசன் இன்னா நெனப்பான் டீச்சர்? சரி, இன்னும் யாருக்கும் முடியலன்னா எனக்கே குடுத்துடுங்க. ஆனா மொதல்லயே சொல்லிடறேன். நான் வாங்கினா கடைக்கால் எடுத்து லைன் வூடு கட்டுவேன். இதுங்க ஒண்ணும் நிக்காது. அப்பறம் நீங்க பாத்து வருத்தப்படக் கூடாது."

"நான் எங்கே பார்க்கப்போறேன்?"

"அதுவும் சரிதான். தங்கச்சி வூட்டுக்குப் போறீங்க." அவர் தோட்டத்தைச் சுற்றி ஒரு பார்வை விட்டார். "அப்ப நான் இன்னான்னு எடுத்துக்கட்டும்?"

ஜீவரத்தினம் அவருக்குப் பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். எந்தப் பதில் வரும் என்று அவளுக்கே தெரிந்திருக்கவில்லை. "உங்க கொட்டாய்ல மக்கின எரு ஒரு வண்டி கிடைக்குமா?" என்று கேட்டாள்.

"எருவா?"

"மல்லிக்குப் பூத்து முடிஞ்சதும் போடணும். ரோஜாவுக்கு இப்பவே போடலாம்."

தசரதன் அவளைப் பார்த்தார், ரோஜாவைப் பார்த்தார், திரும்ப அவளைப் பார்த்தார். "நாளைக்கு அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு வீட்டைப் பற்றி அவர் பேசவே இல்லை.

சனிக்கிழமை காலையில் மாட்டுவண்டி வந்து கேட்டுக்கு முன்னால் ஒரு வண்டி எருவைக் கவிழ்த்துவிட்டுப் போயிற்று. தெரு முழுக்க வாசனை. இடுப்பில் கை வைத்து முனியம்மா அதைச் சுற்றி வந்தாள்.

"டீச்சரம்மா, வூட்டை விக்கறவ எருவை எதுக்கு எறக்கிகினு கீறே?"

"நான் எப்ப விக்கறேன்னு சொன்னேன்?"

"அடிப் பாவி!" முனியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "அந்தத் தங்கச்சிப் பொண்ணுக்கு இன்னா சொல்லப் போறே? பாவம், அது ஒண்டியா கீதே?"

ஜீவரத்தினம் கூடையில் எருவை அள்ளிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது, தான் முடிவு செய்தாகிவிட்டது என்று. யூனிஸ் சொன்னது சரிதான். செய்துவிட்டுத்தான் வாய் திறக்கிறவள். இந்த முறை வாய் திறக்கவேண்டியது மட்டும் பாக்கி இருந்தது. எதற்காக இருக்கிறேன் என்று யூனிஸ் கேட்டால் என்ன சொல்வது? மல்லி பூத்திருக்கிறது என்றா? கணவனைப் புதைத்துவிட்டு இருட்டுக்குப் பயந்து கிடக்கிறவளிடம் அதைச் சொல்லலாமா? வேறு எதைச் சொன்னாலும் அது உண்மை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பிரசங்கம் எதைப் பற்றியது என்று அவளுக்குத் தெரியாது. வெளியே வந்ததும் தேவானந்தம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயரானவர். அந்தத் தெருவில் போன் உள்ள ஒரே வீடு அவருடையது.

"சிஸ்டர், நாங்க கோவிலம்பாக்கத்துல ஒரு ஞானஸ்நானத்துக்குப் போறோம். முன் ரூம் சாவி உங்ககிட்ட இருக்கட்டும். அர்ஜெண்ட் போடாம ஆர்டினரியா புக் பண்ணின கால் எப்ப வரும்னு டிபார்ட்மெண்டுக்கே தெரியாது, பொறுமையா உக்காருங்க. நீளமா மணி அடிச்சா டிரங்க். எடுத்ததும் பேசிடாதீங்க, ஆபரேட்டர் உங்க பேர் கேப்பா. சொன்னாத்தான் கனெக்‌ஷன் குடுப்பா. அப்புறம் சத்தமா பேசணும், தெரியுதா? கத்தணும். கத்தினாத்தான் அங்க கேக்கும்."

"கத்தணுமா?"

"நீங்க கத்தாத கத்தலா சிஸ்டர்? மைதானம் முழுக்கக் கேக்குமே!" என்று சிரித்துவிட்டு அவர் சைக்கிளில் ஏறிக்கொண்டார்.

தேவானந்தத்தின் முன் அறையில் ஜன்னல் திறந்திருந்தது. குரோஷா ஊசியால் பின்னிய துணிக்கு மேல் போன் கறுப்பாக உட்கார்ந்திருந்தது. ஜீவரத்தினம் அதற்கு எதிரே பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். நேற்று எரு அள்ளிய கையைப் பல தடவை கழுவியிருந்தாலும் நகக்கண்ணில் கறுப்பு இருந்தது. அதை இன்னொரு நகத்தால் எடுத்துக்கொண்டே, கத்திச் சொல்லக்கூடிய ஒரு வாக்கியத்தைத் தேடினாள். 'நீ இங்கே வந்துடு' என்று சொல்லலாம்; அது மறுபடியும் வில்பிரட்டில் போய் முட்டும். 'மாசத்துக்கு ஒரு வாரம் வந்து இருக்கிறேன்' என்று சொல்லலாம். மீதி மூன்று வாரத்து ராத்திரிகளை என்ன செய்வது? மெதுவாகச் சொன்னால் ஒருவேளை யூனிஸ் தாங்கிக்கொள்வாள். உரக்கச் சொன்னால் எந்த வார்த்தையும் திட்டுகிற மாதிரிதான் இருக்கும்.

அங்கே யூனிஸ் தந்தி ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். வெள்ளைப் புடவை, மடியில் வேத புத்தகம், பக்கத்தில் மாதர் சங்கத்திலிருந்து துணைக்கு யாராவது ஒருத்தி. இரண்டாவது கட்டில் இதற்குள் வந்து இறங்கியிருக்கும்.

வெயில் ஜன்னல் கம்பியைத் தாண்டித் தரைக்கு வந்தது. தெருவில் ஐஸ்காரன் மணியடித்துக்கொண்டு போனான். ஒரு தடவை அவள் திடுக்கிட்டு எழுந்தேவிட்டாள். திரும்ப உட்கார்ந்தாள்.

பிறகு போன் அடித்தது. நீளமாக.

ஜீவரத்தினம் எழுந்தாள். குரோஷாத் துணியின் ஓரம் வரைக்கும் கையைக் கொண்டுபோனாள். மணி நின்று, மூச்சு வாங்கி, மறுபடி அடித்தது. கைக்குக் கீழே மேஜை லேசாக அதிர்வது தெரிந்தது.

"டீச்சரம்மா!" ஜன்னலுக்கு வெளியே முனியம்மா, இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு. "போனு அடிச்சிகினே கீதே, காதுல விழல? எடு! தங்கச்சியாத்தான் இருக்கும்!"

"தெரியுது" என்றாள் ஜீவரத்தினம்.

"அப்ப எடேன்!"

மணி அடித்துக்கொண்டே இருந்தது.